ஆறாம் வரிசை, இரண்டாம் இடம்

ஹிலரி மாவரிடம் நான் முதன்முதலாகப் பேசப் போனபோது அவர் வாயில் நாலைந்து பின்கள் இருந்தன. ஸ்கெல்பி ஊராட்சியின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் ஒரு சின்ன ஏணியில் நின்று, காற்றில் படபடக்கும் காகிதத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊராட்சி கிளார்க் நீங்கதானே?" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"கல்லறைத் தோட்டத்து வரைபடத்தக் கம்ப்யூட்டர்ல ஏத்த ஆள் வேணும்னு போட்டிருந்தீங்களே..."

காகிதத்தின் கீழ்முனையைக் கண்ணால் காட்டினார். பிடித்துக்கொண்டேன். வாயிலிருந்து ஒவ்வொரு பின்னாக எடுத்துக் குத்தி முடித்து, பலகையின் கண்ணாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்ட பிறகுதான் பேசினார்.

"ராயோட பையன்தானே நீ? ஓட்லிங் பண்ணையில டிராக்டர் ஓட்டுறாரே, அந்த ராய். யுனிவர்சிட்டிக்குப் போயிட்டு வந்தவன்."

"ஆமா."

"அப்போ இந்த வேலைக்கு நீ ரொம்பப் பெரிய ஆளாச்சே கண்ணு. சரி, ஏணியத் தூக்கு."

நானூறு பேர் இருக்கிற ஊரில் அவர் முகம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பேசியதில்லை. ஊராட்சி என்பது நாய்க் கழிவுத் தொட்டியைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் வயதானவர்கள் பேசிக்கொள்கிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அம்மா முட்டைக்கோஸ் பேக்கிங் கொட்டகையில் பத்து மணி நேரம் நிற்பவர். அங்கே போட்டுக்கொள்ளும் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலேயே வீட்டுக்கு வந்து, என் பட்டமளிப்புப் படத்தைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். படித்தது புவியியல், அதிலும் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது. அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. இன்றும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்காக இன்னொருவர் கொடுத்த விலையை எழுதாமல் அதை மட்டும் எழுத முடியவில்லை.

ஹிலரி ஸ்கெல்பிக்காரர் இல்லை. கடற்கரைப் பக்கத்தில் ஒரு விடுதி நடத்தியவர்களின் மகள். இருபது வயதில், சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு லாரி ஓட்டிய ஜெஃப் மாவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடியபோது சமையலும் போயிற்று. அதே வருஷம் பெர்சி டாஸ்கர் என்ற பழைய கிளார்க் இறந்துபோனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பண்ணைக்கார ஓட்லிங்தான் அப்போதும் ஊராட்சித் தலைவர். "நூத்தியிருவது புள்ளைங்களுக்கு மதியம் பன்னண்டுக்கு டாண்ணு சோறு போட்டவ நீ, எட்டு உறுப்பினர்கள மேய்க்க மாட்டியா?" என்று கேட்டாராம். ஹிலரி பதினைந்து வயதில் படிப்பை விட்டவர். ஊராட்சிச் சட்டம் என்று செங்கல் கனத்தில் ஒரு புத்தகம் உண்டு. அதைச் சமையலறை மேஜையில் வைத்து, உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நாற்பத்தேழு வயதில் கிளார்க் பரீட்சை எழுதித் தேறினார். அந்தச் சான்றிதழ் அலுவலக மேஜையின் இரண்டாவது இழுப்பறையில், தபால்தலைகளுக்குக் கீழே கிடந்தது. நான் ஒருநாள் ஸ்டேப்ளர் தேடும்போது பார்த்தேன். "மாட்டி வைக்கலாமே" என்றேன். "எதுக்கு? சுவத்துல ஓட்டை விழும்" என்றார்.

அலுவலகம் என்று சொன்னது ஊர்மண்டபத்தில் முன்பு கோட்டுகள் மாட்டி வைத்த அறை. சுவரில் இன்னும் முப்பது கொக்கிகள் இருந்தன. செவ்வாயும் வியாழனும் காலையில் திறந்திருக்கும். ஊர்க்காரர்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. ரொட்டி வாங்கும் இடத்தில், பஸ் நிறுத்தத்தில், அவர் துணி காயப்போடும்போது வேலிக்கு மேலாக, எங்கே பார்த்தாலும் பிடித்துக்கொள்வார்கள். "மாவட்ட மன்றத்துக்கு ஃபோன் போட்டா எட்டு நம்பர் அழுத்தணும், கடைசியில பாட்டு போடுவான். ஹிலரிக்குப் போட்டா ஹிலரி எடுப்பா" என்று அப்பா சொல்வார். அடைத்துக்கொண்ட வாய்க்கால், உடைந்த ஊஞ்சல், பக்கத்து வீட்டுக்காரன் கட்டும் கொட்டகை எல்லாம் அவரிடம்தான் வரும். எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதுவார். பதில் வராவிட்டால் இன்னொரு கடிதம்.

எங்கள் கல்லறைத் தோட்டம் தேவாலயத்தைச் சேர்ந்ததல்ல, ஊராட்சியைச் சேர்ந்தது. அதனால் யார் எங்கே கிடக்கிறார், யாருக்கு எந்த இடம் என்பதையெல்லாம் கிளார்க்தான் பார்க்க வேண்டும். புருஷனோ மனைவியோ போனால் பக்கத்து இடத்தை மற்றவருக்காக எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். அதற்கு ஒரு பதிவேடும், பெர்சி டாஸ்கர் கையால் வரைந்த ஒரு பெரிய வரைபடமும் இருந்தன. மடித்து மடித்து வரைபடம் சிலுவை மாதிரி கிழிந்திருந்தது. அதைத்தான் நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

வரிசைக்குப் பன்னிரண்டு இடம். ஒருபுறம் சரளைக்கல் பாதை, மறுபுறம் முட்செடி வேலி. முதல் வரிசையில் டாஸ்கர் பாதையிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே வேலிவரை போயிருந்தார். இரண்டாம் வரிசையில் வேலிப்பக்கத்தில் ஒன்று இருந்தது, பாதைப்பக்கத்தில் பன்னிரண்டு. மூன்றாவது மறுபடி முதல் வரிசை மாதிரி. நான்காவது மறுபடி தலைகீழ்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. கிழவர் பதிவேட்டைப் பார்த்து எழுதும்போது குழம்பிவிட்டார் என்று முடிவுகட்டினேன். எல்லா வரிசையையும் பாதையிலிருந்து வேலிக்குப் போகிற மாதிரி ஒழுங்குபடுத்தினேன். திரையில் அழகாக இருந்தது. வண்ணம்கூடப் போட்டேன்: நிரம்பியது சாம்பல், எழுதி வைத்தது மஞ்சள், காலி பச்சை.

சரிபார்க்க ஒரு மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன். முதல் வரிசைக் கற்களில் இருந்த பெயர்கள் ஒத்துப்போயின. மழை பிடித்துக்கொண்டது. பாதையில் நின்றபடியே மூன்றாம் வரிசையில் தெரிந்த இரண்டு கற்களைப் படித்தேன். அவையும் ஒத்துப்போயின. திரும்பி வந்துவிட்டேன்.

அன்று மாலை ஊராட்சிக் கூட்டத்துக்கான காகிதங்களை ஹிலரி அடுக்கிக்கொண்டிருந்தார். என் வரைபடத்தின் அச்சுப் பிரதியை வாங்கிப் பார்த்தார்.

"டாஸ்கர் போட்டது இப்படி இல்லையே. ஒண்ணு விட்டு ஒண்ணு மாறி மாறி வருமே."

"அது அவர் பண்ணின தப்பு. நான் சரி பண்ணிட்டேன்."

"தப்பா? எல்லா வரிசையும் நடந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்தான். எட்டு வரிசை."

ஒரு நொடி கீழே பார்த்தார். பிறகு, "சரி, நீ படிச்சவன்" என்று காகிதத்தைக் கட்டோடு சேர்த்தார். கூட்டத்தில் வரைபடத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஓட்லிங் என் முதுகில் தட்டினார்.

அடுத்த மாதம் ஜெஃப்புக்கு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை. ஹிலரி பத்து நாள் லிங்கன் நகர ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். அலுவலகத்தை நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். யாராவது இறந்தால் அடக்கம் தடைப்படக் கூடாதே என்று மூன்று அனுமதிப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார். "எடம் குறிக்கப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஃபோன் போடு" என்றார். அவர் இருந்தால் ஒவ்வொரு குழிக்கும் தானே போய் நான்கு மூலையிலும் முளை அடித்துவிட்டு வருவார்.

மூன்றாம் நாள் பாஷ்லி என்ற குடும்பத்திலிருந்து ஒரு பெண் வந்தார். புதிதாக ஊருக்கு வந்தவர்கள். அவருடைய அப்பா இறந்துவிட்டார். வேலியோரத்தில் ஒரு பெஞ்ச் இருக்கிறதே, அதன் பக்கத்தில் இடம் கிடைத்தால் அம்மா வந்து உட்கார வசதியாக இருக்கும் என்றார். திரையைத் திருப்பிக் காட்டினேன். ஆறாம் வரிசை புதிய வரிசை. அதில் பெரில் எப்டன் என்ற அம்மாள் மட்டும்தான் அடக்கம். பதிவேட்டில் அவருக்கு முதலாம் இடம். என் வரைபடத்தில் அது பாதையோரம். அவர் கணவர் வில்ஃபுக்கு எழுதி வைத்த இரண்டாம் இடம் அதை ஒட்டி, மஞ்சளாக. வேலிப்பக்கம் முழுக்கப் பச்சை. "பன்னண்டு வேலிய ஒட்டி இருக்கு, வேர் வரும். பதினொண்ணு குடுக்கிறேன்" என்றேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

ஹிலரிக்கு ஃபோன் போடவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன் என்று சொன்னால் நல்ல பிள்ளையாகத் தெரியும். உண்மை அதுவல்ல. நானே முடித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

முளை அடிக்கப் போனேன். ஆறாம் வரிசையில் பாதையோரம், பெரில் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் புல். வேலியோரம், பன்னிரண்டாம் இடத்தில், ஒரு மண்மேடு. ஜாம் பாட்டிலில் புதுப் பூ வைத்திருந்தது. மரச் சிலுவை இல்லை. வில்ஃப் அதை வண்ணம் பூசக் கழற்றிக்கொண்டு போயிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. குழி தோண்டுகிறவர் டவுனிலிருந்து வந்தவர். சின்ன இயந்திரத்தை ஓடவிட்டபடி நின்றார்.

"எங்க தம்பி? சொல்லு, எனக்கு இன்னொரு ஊருக்குப் போவணும்."

என் கையில் இருந்த தாளும் கண்முன்னால் இருந்த மண்ணும் ஒத்துப்போகவில்லை. அது எனக்குத் தெரிந்தது. இதை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கவனிக்கவில்லை, மழை, அவசரம் என்றெல்லாம். கவனித்தேன். அது யாரோ சாம்பலைப் புதைத்த மேடாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதன் பக்கத்தில் நான்கு முளைகளை அடித்தேன்.

பாஷ்லியைப் புதன்கிழமை அடக்கம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வில்ஃப் எப்டன் வண்ணம் பூசிய சிலுவையோடு மனைவியைப் பார்க்க வந்தார். ஒரு பக்கம் வேலி. மறுபக்கம், தனக்கென்று வைத்திருந்த இடத்தில், ஒரு புது மேடும் மலர்வளையங்களும்.

திங்கட்கிழமை அவர் மண்டபத்து வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எண்பத்தாறு வயது. நாற்பது வருஷம் ஊருக்குப் பால் போட்டவர். ஹிலரி அன்றுதான் திரும்பியிருந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஹிலரி, எங்கயோ எதுவோ மாறிப்போச்சும்மா. கொஞ்சம் பாரேன்" என்றார்.

ஹிலரி பதிவேட்டையும் இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து, அடக்கம் செய்ததைத் தோண்டி எடுப்பது பற்றிய பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஃபோனை எடுத்தார்.

வீட்டில் அன்று சாப்பாட்டு மேஜையில், கிழவன் எண் போட்ட அழகைப் பார் என்று அப்பாவிடம் சொன்னேன். பழியை டாஸ்கர் மேல் தள்ளும் ஒத்திகை அது. அப்பா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு வரிசை போறது, அடுத்த வரிசை வர்றதா?"

"ஆமா. பைத்தியக்காரத்தனம்."

"ஏன்டா? பெர்சி டாஸ்கர் கிளார்க் ஆவுறதுக்கு முன்னாடி முப்பது வருஷம் உழவு மேஸ்திரிடா. வயல்ல ஒரு சால் போனா அந்தக் கோடியிலேயே திரும்பி அடுத்த சால் வருவோமா, இல்ல வெறும் வண்டிய இந்தக் கோடிக்கு ஓட்டிட்டு வந்து ஆரம்பிப்போமா? முளையும் கயிறுமா நடந்துகிட்டே அளந்திருப்பாரு. வேலிகிட்ட முடிச்சவரு அங்கேயே திரும்பி ஒண்ணுன்னு ஆரம்பிச்சிருப்பாரு. டிராக்டர்ல எத்தன லீவு என்கூட உக்காந்திருக்க, இது தெரியலயா உனக்கு?"

அம்மா, "அவன் படிச்சது வேற, விடுங்க" என்றார். ஊரில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். டிராக்டர்காரன் மகனுக்கு மட்டும் தெரியவில்லை.

தோண்டி எடுக்க லண்டனிலிருந்து அனுமதி வர வேண்டும். அதற்கு முன்னால் குடும்பம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹிலரி பாஷ்லி வீட்டுக்கு இரண்டு தரம் போனார். "எங்கப்பாவ ஒரு தடவ மண்ணுக்குள்ள வச்சு பாத்தாச்சு. இன்னொரு தடவ எங்கம்மாவால முடியாது" என்று அந்தப் பெண் அழுதார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. பெரிலை எடுத்து வேறு இடத்தில், பக்கத்தில் இடமிருக்கும்படி வைக்கலாமா என்றால், வில்ஃப், "அவ தூங்குறா, எழுப்ப மாட்டேன்" என்றார். பெரிலின் குழி ஒற்றை ஆழத்தில் தோண்டியது, மேலே இன்னொருவர் போக முடியாது. எரித்துச் சாம்பலாக வந்தால் அதே குழியில் வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, "நான் பால்காரன், விறகு இல்ல" என்றார்.

வியாழக்கிழமை கூட்டம். எங்கள் ஊரில் கூட்டத்தின் முதல் பதினைந்து நிமிஷம் பொதுமக்களுக்கு. ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். வழக்கமாக இரண்டு பேர் வருவார்கள். அன்று நாற்காலி போதவில்லை. அம்மாவும் வந்திருந்தார். வரைபடத்தைச் சுவரில் போட்டுக் காட்டுவதற்காக நான் லேப்டாப்போடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

வில்ஃப் எழுந்தார்.

"எனக்கு மூணு நிமிஷம் வேணாம். ஒரே ஒரு கேள்விதான். நான் எங்க போவேன்?"

உட்கார்ந்துவிட்டார்.

ஓட்லிங் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஹிலரி, இது எப்படிம்மா நடந்துச்சு? வரைபடத்துல தப்பா?"

ஓரத்திலிருந்த ஓர் உறுப்பினர் குறுக்கே விழுந்தார். "அது எப்படித் தப்பாவும்? ராயோட பையன் யுனிவர்சிட்டியில அதத்தானே படிச்சான்! பழைய பதிவேடுதான் கோளாறா இருக்கும். இல்லாட்டி எழுதுனவங்க சரியா எழுதியிருக்க மாட்டாங்க."

நாலைந்து தலைகள் ஆடின. பின்னால் என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் திரும்பாமலே உணர்ந்தேன்.

"அந்த அனுமதிப் படிவத்துல கையெழுத்து யாரோடது?" என்றார் ஓட்லிங்.

"என்னோடது" என்றார் ஹிலரி. "வெத்துப் படிவத்துல முன்னாடியே போட்டு வச்சேன். போட்டிருக்கக் கூடாது."

"எடத்தப் போயிப் பாத்தியா?"

"இல்ல."

"கிளார்க் பாக்கணும்னு சட்டமாச்சே?"

"ஆமா. பாக்க வேண்டியது கிளார்க். பாக்கல."

இதையெல்லாம் அவரே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டும் இருந்தார். கேள்வியை எழுதி, பதிலைச் சொல்லி, பதிலையும் எழுதினார். பேனா ஒரு தரம்கூட நிற்கவில்லை. என் பக்கம் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுந்திருப்பேன் என்று வெகுகாலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஓட்லிங் அப்பாவுக்கு முதலாளி, அதனால் வாய் வரவில்லை என்றும் ஒரு காரணம் வைத்திருந்தேன். அதுவும் பொய். என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், அவரைக் குனிய வைக்க எனக்குத் தைரியமில்லை. இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. என்னைப் பற்றி அந்த மண்டபம் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

கூட்டம் முடிவதற்குள் ஹிலரி ஒரு மாத அவகாசம் கொடுத்து வேலையை விடுவதாகச் சொன்னார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினாறு வருஷம் ஃபோனை எடுத்தவர்.

அந்த மாதத்தில் அவர் செய்த ஒரே வேலை வில்ஃபின் கேள்விக்குப் பதில் தேடியதுதான். தோட்டத்தை டேப் வைத்து அங்குலம் அங்குலமாக அளந்தார். பெரிலின் காலடிக்கு நேரே, ஏழாம் வரிசையில் வேலியோர இடம் காலி. நடுவில் இரண்டடிப் புல்தான். ஒரு தூறல் காலையில் வில்ஃபைக் கூட்டிவந்து காட்டினார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க என்னை வரச் சொல்லியிருந்தார்.

"பக்கத்துல முடியல, வில்ஃப். இங்க வேணா... அவங்க கால்மாட்டுல."

கிழவர் அந்த இடத்தின் குறுக்கே நடந்து பார்த்தார். "அம்பத்தொம்போது வருஷம் கால் தொடச்சியா, கால் தொடச்சியான்னு கேட்டவ. இப்ப அவ காலடியிலயே போட்டுட்டியே என்னை" என்றார். சிரிக்க முயன்றார். பாதியில் சிரிப்பு நின்றுபோயிற்று. "இது பக்கத்துல ஆவாது, ஹிலரி. ஆனா நீ தேடினல்ல, எழுதிக்க."

போகும்போது கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய, உலர்திராட்சை போட்ட ஒரு துண்டு பிளம் ரொட்டியை எடுத்து என் கையில் வைத்தார். "மழையில நின்னு அளக்குற. படிச்ச கொழுப்பே இல்லாத புள்ள" என்றார்.

ஹிலரி முளையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். நான் அந்த ரொட்டியை அங்கேயே நின்று தின்றேன். வில்ஃப் பார்த்துக்கொண்டிருந்ததால் தின்னாமல் இருக்க முடியவில்லை. வெண்ணெய் தடவியிருந்தது.

மாவட்ட மன்றத்தில் வரைபடப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கு முன்னனுபவம் என்று காட்ட ஸ்கெல்பி வேலை ஒன்றுதான் இருந்தது. பரிந்துரைக்கு யாரைக் கேட்பது? விண்ணப்பத்தில் ஹிலரி பெயரைப் போட்டுவிட்டு, அவரிடம் கேட்காமலே அனுப்பினேன். மாவட்டத்திலிருந்து அவருக்குத் தாள் போனது. அவர் நிரப்பி அனுப்பினார். வேலை கிடைத்தது.

வேலையில் சேருவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். உள்ளே ஜெஃப் கைத்தடியோடு நடந்து பழகிக்கொண்டிருந்தார். ஹிலரி படியில் உட்கார்ந்து புளிப்பான ரூபார்ப் தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தார். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

"நான் எல்லா வரிசையும் நடந்து பாக்கல" என்றேன்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ பாத்தேன்னு சொன்னப்பவே. அன்னிக்கு மத்தியானம் நல்ல மழை. தோட்டம் சேறு. உன் ஷூ சுத்தமா இருந்துச்சு." கத்தியை நிறுத்தினார். "பாத்தேன். கேக்கல. இன்னொரு தரம் கேட்டா, பள்ளிக்கூடத்துச் சமையக்காரி பட்டம் வாங்குனவனப் பரிசோதிக்கிறான்னு ஆயிடுமோன்னு வாய மூடிக்கிட்டேன். உன்ன மாதிரிதான் நானும்."

"நான் ஊராட்சிக்குப் போய்ச் சொல்லிடறேன்."

"அன்னிக்கு அந்த மண்டபத்துல சொல்லியிருந்தா அதுக்கு ஒரு பிரயோஜனம் இருந்திருக்கும். வில்ஃபுக்கு இல்ல, அவருக்கு எடம் போனது போனதுதான். எனக்கு இருந்திருக்கும். இப்ப சொன்னா நீ நல்லாத் தூங்குவ. அவ்வளவுதான்."

"பரிந்துரைல என்ன எழுதினீங்க?"

"வேகமா வேலை செய்வான், கூட ஒரு ஆள் சரிபாக்கணும்னு எழுதினேன். அத யாரும் படிக்கலபோல." மறுபடி நறுக்க ஆரம்பித்தார். "கதவ சாத்திட்டுப் போ. நாய் வெளிய போயிடும்."

ஆனாலும் எழுதினேன். ஊராட்சித் தலைவருக்கு, கையெழுத்துப் போட்டு, பொய் சொன்னது முதல் முளை அடித்ததுவரை. அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டினேன். எழுந்து துணி மடிக்கப் போனார். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. படத்தைத் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அடுத்த கூட்டத்தின் குறிப்பைப் பலகையில் போய்ப் பார்த்தேன். புது கிளார்க் எழுதியது, மூன்று ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்ப்பவர். "கல்லறைத் தோட்டம் தொடர்பாக ஒரு கடிதம் வரப்பெற்றது. குறித்துக்கொள்ளப்பட்டது." அவ்வளவே. ஓட்லிங் வழியில் பார்த்தபோது, "விடுப்பா, முடிஞ்ச கதை. சின்னப் பையன் நீ" என்று தோளில் தட்டினார். ஹிலரியிடம் யாராவது போய்ச் சொன்னார்களா என்று கேட்டேன். "எதுக்கு? கையெழுத்து அவளோடதுதானே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நான் மாவட்ட மன்றத்தில் எழுபத்தொரு ஊராட்சிகளின் வரைபடங்களைப் பார்த்துக்கொள்கிறேன். வில்ஃப் எப்டன் மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் இறந்தார். ஏழாம் வரிசையில், வேலியோரம் கிடக்கிறார். ஹிலரிக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. அதே வீட்டில் ஜெஃப்போடு இருக்கிறார். வாரத்தில் நான்கு நாள், அம்மா வேலை பார்த்த அதே முட்டைக்கோஸ் கொட்டகையின் கேன்டீனில் சமைக்கிறார். ஊராட்சிக் கூட்டத்துக்கு வருவதில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் தலையசைப்பார், நிற்கமாட்டார்.